ஒரே எஞ்சின், இரண்டு கார்கள்

2009ஆம் ஆண்டுக்குப் பிறகு தமிழ்நாட்டில் சிறிய டீசல் கார் வாங்கக் கிளம்பிய பலருக்கு ஒரே குழப்பம். மாருதி சுசுகி ஸ்விஃப்ட்டை எடுப்பதா, ஃபியட் புன்டோவை எடுப்பதா? இரண்டும் பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் ஹேட்ச்பேக் கார்கள். ஓட்டிப் பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஸ்விஃப்ட் துடிப்பான வண்டி என்றார் ஒருவர். புன்டோ சாலையைப் பிடித்துக்கொண்டு போகிறது என்றார் இன்னொருவர். ஸ்விஃப்ட் வாங்கினால் கவலையில்லை, புன்டோவுக்கு சர்வீஸ் யார் பார்ப்பது என்று கேட்டார் மூன்றாமவர்.

ஆனால் இரண்டு கார்களின் பானெட்டையும் திறந்தால் உள்ளே இருந்தது ஒரே எஞ்சின்தான். 1248 சிசி, நான்கு சிலிண்டர், டர்போ டீசல். ஒன்றில் டிடிஐஎஸ் என்று பெயர், மற்றதில் மல்டிஜெட் என்று பெயர். எஞ்சின் ஒன்றானால் ஓட்டமும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? பிறகு ஏன் இத்தனை வேறுபாடு?

பினாங்கில் இருக்கும் நமக்கும் இந்தக் கேள்வி பயன்படும். மலேசியாவில் ஸ்விஃப்ட் பெட்ரோல் எஞ்சினோடு விற்றது. டீசல் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது ஹைலக்ஸ், டிரைட்டன் போன்ற பிக்அப் வண்டிகள்தாம். டீசல் ஹேட்ச்பேக்கை எடைபோடும் பழக்கம் இங்கே குறைவு. ஆனால் எடைபோடுவதற்கு வேண்டிய சாலைகளெல்லாம் இந்தத் தீவில் அருகருகே இருக்கின்றன. ஜார்ஜ்டவுனின் நெரிசல், பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் பூலாவுக்கு ஏறி இறங்கும் துன் சார்டோன் சாலை, கடலுக்கு மேலே நீளும் இரண்டு பாலங்கள். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டு கார்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒரு காரிடம் நாம் எதிர்பார்ப்பவை மூன்று: இழுவை, கையாளுமை, நம்பகம். மூன்றையும் ஒரே பார்வையில் அளந்துவிடலாம் என்று நினைப்பதால்தான் பலர் தவறான காரை வாங்குகிறார்கள். இழுவையைக் கணக்கிட்டு அறியலாம். கையாளுமையை ஓட்டிப் பார்த்து அறியலாம். நம்பகத்தை இந்த இரண்டு வழியிலும் அறிய முடியாது. அதற்குப் பல கார்களின் வரலாறு வேண்டும். நம்முடைய அன்றாடப் பாதையும் தெரிய வேண்டும்.

எஞ்சின் வந்த வழி

டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் கிடையாது. காற்றை மிக இறுக்கமாக அழுத்தினால் அது கொதிக்கக் கொதிக்கச் சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். எப்போது பீய்ச்சுவது, எவ்வளவு நுண்மையாகப் பீய்ச்சுவது என்பதில்தான் எஞ்சினின் குணமே இருக்கிறது. பழைய டீசல்களின் படபடப்புக்கும் கரும்புகைக்கும் முக்கியக் காரணம், எரிபொருள் ஒரே வீச்சில் முரட்டுத்தனமாக உள்ளே போனதுதான்.

இதை மாற்றியது காமன் ரயில் என்ற முறை. எல்லா சிலிண்டர்களுக்கும் பொதுவான ஒரு தடித்த குழாயில் டீசலை மிக உயர்ந்த அழுத்தத்தில் தேக்கி வைப்பார்கள். கணினி சொல்லும் நொடியில் இன்ஜெக்டர்கள் திறந்து மூடும். தமிழில் இதைப் பொதுக்குழாய்ப் பீய்ச்சு முறை என்று சொல்லலாம். ஃபியட்டின் ஆய்வகங்களில் வளர்ந்த இந்த முறை பாஷ் நிறுவனத்தின் கைக்குப் போய், 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் சந்தைக்கு வந்தது. ஒரே எரிப்புக்குள் பலமுறை சிறுசிறு வீச்சாகப் பீய்ச்சும் அடுத்த படிதான் மல்டிஜெட். அதன் சின்ன வடிவமான 1.3 லிட்டர் எஞ்சின் 2003இல் வந்தது. எடை ஏறத்தாழ 130 கிலோ. டீசலுக்கு இது மிகக் குறைவு. சிறிய காரின் மூக்கில் அதைப் பொருத்த முடிந்ததே அதனால்தான்.

இந்தியாவில் இந்த எஞ்சின் 2007இல் ஸ்விஃப்ட்டில் ஏறியது. டாடா இண்டிகா விஸ்டாவிலும் வந்தது. 2009இல் புன்டோவில் வந்தது. டிசையர், ரிட்ஸ், எர்டிகா என்றும் பரவியதால், இந்தியாவின் தேசிய எஞ்சின் என்றே வாகனப் பத்திரிகைகள் அதை அழைத்தன. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 மாசு விதிகள் நடப்புக்கு வந்தபோது மாருதி டீசல் கார்களை நிறுத்திக்கொண்டது. இந்த எஞ்சினின் காலமும் இந்தியாவில் அத்தோடு முடிந்தது.

அறிவியல் பார்வையில் இது அரிய வாய்ப்பு. ஆய்வுக்கூடத்தில் ஒன்றை மாற்றாமல் வைத்துக்கொண்டு மற்றதை மாற்றிப் பார்ப்பார்கள். இங்கே சந்தையே அந்தச் சோதனையை நடத்திவிட்டது. எஞ்சின் அடிப்படையில் மாறவில்லை, கார்தான் மாறியது. ஆகவே இரண்டு கார்களுக்கும் இடையே தெரியும் வேறுபாட்டுக்கு பெரும்பாலும் எஞ்சினைச் சுற்றியிருக்கும் மற்றவையே காரணம்.

இழுவை: எண்களைப் படிக்கும் முறை

விற்பனைத் தாளில் இரண்டு எண்கள் பெரிதாக இருக்கும். ஒன்று குதிரைத்திறன், மற்றது முறுக்குவிசை, அதாவது டார்க். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

நிலையில் நிற்கும் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். அதை முதல் அடி நகர்த்த வடத்தில் எவ்வளவு பலமாக இழுக்க வேண்டும் என்பது ஒரு கேள்வி. அதே பலத்தை விடாமல் கொடுத்து எவ்வளவு விரைவாகத் தேரைக் கொண்டுபோக முடியும் என்பது இன்னொரு கேள்வி. முதலாவது முறுக்குவிசை. இரண்டாவது திறன். இழுக்கும் பலமும் நகரும் விரைவும் பெருகிச் சேர்ந்ததே திறன். எஞ்சினில் அந்த விரைவைக் குறிப்பது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற ஆர்பிஎம் கணக்கு.

இப்போது ஸ்விஃப்ட்டின் எண்களைப் பார்ப்போம். மலேசியாவில் ஓடிய 1.5 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட்டுக்கு ஏறத்தாழ 100 குதிரைத்திறன். அதன் உச்ச முறுக்குவிசை 133 நியூட்டன் மீட்டர், அதுவும் 4000 சுற்றில். இந்தியாவின் டீசல் ஸ்விஃப்ட்டுக்கு 75 குதிரைத்திறன்தான். ஆனால் உச்ச முறுக்குவிசை 190 நியூட்டன் மீட்டர், 2000 சுற்றிலேயே கிடைக்கிறது. திறனை மட்டும் பார்த்தால் பெட்ரோல் கார்தான் வலியது.

துன் சார்டோன் சாலையில் ஏறும்போது எஞ்சின் பெரும்பாலும் 2000 சுற்றுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அந்த இடத்தில் டீசலின் கையில் இருக்கும் திறனைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 54 குதிரைத்திறன் வருகிறது. பெட்ரோல் எஞ்சின் தன் உச்ச முறுக்குவிசையையே அந்த வேகத்தில் கொடுத்தால்கூட 38ஐத் தாண்ட முடியாது. உண்மையில் அதைவிடக் குறைவாகவே கொடுக்கும், ஏனென்றால் அதன் உச்சம் இருப்பது 4000 சுற்றில். பெட்ரோல் காரின் 100 குதிரைகளும் வெளியே வர வேண்டுமானால் எஞ்சினை 6000 சுற்று வரை அலற விட வேண்டும். குடும்பத்தோடு பாலிக் பூலாவுக்குப் போகிறவர் யாரும் அப்படி ஓட்டுவதில்லை. குறைந்த திறனுள்ள டீசல் மலையில் வலுவாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

டீசலுக்கும் ஒரு பலவீனம் உண்டு. இந்தச் சின்ன எஞ்சினுக்கு இவ்வளவு முறுக்குவிசை வருவது டர்போவால். வெளியேறும் புகையின் வேகம் ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றுகிறது. அச்சின் மறுமுனையில் உள்ள சக்கரம் கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் திணிக்கிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது புகையும் குறைவு, டர்போவும் சோம்பிக் கிடக்கும். கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் 1400 சுற்றுக்கு இறங்கிவிட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால், முதலில் ஒன்றும் நடக்காது. கார் தயங்கும். ஆர்பிஎம் காட்டும் ஊசி 1800ஐத் தாண்டியதும் முதுகைத் தள்ளிக்கொண்டு பாயும். இதற்கு டர்போத் தாமதம் என்று பெயர். ஸ்விஃப்ட், புன்டோ இரண்டிலும் இந்தக் குணம் இருந்தது. பின்னால் வந்த 90 எச்பி புன்டோவில் டர்போவுக்குள் சாய்வு மாறும் சிறு தகடுகள் இருந்தன. அவை புகை நுழையும் வழியை எஞ்சின் வேகத்துக்கு ஏற்பக் குறுக்கவும் விரிக்கவும் செய்யும். ஒரே எஞ்சினிலிருந்து கூடுதல் திறனை எடுக்க முடிந்தது அதனால்தான்.

சாதாரணப் புன்டோவின் முறுக்குவிசை 197 நியூட்டன் மீட்டர், ஸ்விஃப்ட்டைவிடச் சற்றுக் கூடுதல். உச்சமும் 1750 சுற்றிலேயே வந்துவிடும். ஆனாலும் ஓட்டியவர்கள் ஸ்விஃப்ட்தான் துடிப்பு என்றார்கள். புன்டோ கனமான கார். எப்போதும் ஓர் ஆளைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு போவது போன்ற எடை அதற்கு. எஞ்சின் கொடுக்கும் இழுவையைக் காரின் எடை பங்குபோட்டுக்கொள்கிறது. கியர் விகிதங்களும் அந்த இழுவையை மாற்றுகின்றன. ஓட்டுகிறவருக்குத் துடிப்பாகத் தெரிவது இவையெல்லாம் சேர்ந்த விளைவுதான்.

சக்கரத்துக்கு வந்து சேரும் இழுவையை அளக்கச் சேசிஸ் டைனோ என்ற கருவி உண்டு. காரின் சக்கரங்களைக் கனமான உருளைகள்மேல் நிறுத்தி ஓட்டுவார்கள். உருளை எவ்வளவு விரைவாக வேகமெடுக்கிறது என்பதிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் உரிய முறுக்குவிசை தெரிந்துவிடும். விற்பனைத் தாள் சொல்வது உச்சப் புள்ளி ஒன்றை மட்டும். டைனோ முழு வளைகோட்டையும் காட்டும். நமக்கு வேண்டியது அந்த வளைகோட்டில் 1500க்கும் 2500க்கும் இடைப்பட்ட பகுதி. டைனோ கிடைக்காவிட்டால், ஏற்றமான சாலையில் மூன்றாவது கியரில் 1500 சுற்றிலிருந்து கார் எப்படி எழுகிறது என்று பார்த்தாலே போதும்.

கையாளுமை: ஸ்டியரிங் சொல்லும் சேதி

வளைவில் கார் திரும்புவது நான்கு டயர்கள் சாலையோடு உரசும் சின்னச் சின்னப் பரப்புகளால். ஒவ்வொரு பரப்பும் உள்ளங்கை அகலம்தான். வேகம் இரண்டு மடங்கானால், அதே வளைவில் திரும்பத் தேவைப்படும் பக்கவிசை நான்கு மடங்காகும். முப்பதில் எளிதாக எடுத்த வளைவு அறுபதில் ஆபத்தாவதற்குக் காரணம் இந்தக் கணக்கே.

வளைவில் காரின் எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு நகர்கிறது. ஒரு பக்கம் போன பிடிப்பு மறுபக்கம் கிடைத்துவிடாதா என்று தோன்றும். கிடைக்காது. டயர்மேல் சுமை இரண்டு மடங்கானால் பிடிப்பு இரண்டு மடங்காவதில்லை, அதைவிடக் குறைவாகவே கூடுகிறது. ஆகவே எடை ஒரு பக்கமாகச் சாயச் சாய மொத்தப் பிடிப்பு குறைகிறது. டீசல் காரின் மூக்கு பெட்ரோல் காரைவிடக் கனம். அதனால் முன்சக்கரங்கள் முதலில் பிடிப்பை இழக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் வளைவின் வெளிப்புறமாகப் போக முயலும். இதை முன்வழுவல் என்று சொல்வோம். பின்சக்கரங்கள் முதலில் வழுக்கினால் அது பின்வழுவல். சாதாரண ஓட்டுநருக்கு முன்வழுவல்தான் பாதுகாப்பானது, ஏனென்றால் வேகத்தைக் குறைத்தாலே கார் வழிக்கு வந்துவிடும்.

ஸ்விஃப்ட், புன்டோ இரண்டிலும் சஸ்பென்ஷன் அமைப்புகூட ஒரே வகைதான். முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், பின்னால் முறுக்கு உத்தரம். இருந்தும் குணம் மாறியதற்கு முக்கியமாக இரண்டு காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே உள்ள நீளம். முதல் தலைமுறை ஸ்விஃப்ட்டில் அது 2390 மில்லிமீட்டர், புன்டோவில் 2510. நீளம் குறைந்த கார் சட்டென்று திரும்பும். ஆர்மீனியன் தெரு போன்ற குறுகலான இடங்களிலும் கொண்டை ஊசி வளைவுகளிலும் அது கைக்கு இணக்கமாக இருக்கும். நீளம் கூடிய கார் நேர்ச்சாலையில் அலையாமல் போகும். பினாங்கு பாலத்தில் பக்கவாட்டிலிருந்து கடற்காற்று அடிக்கும்போது ஸ்டியரிங்கை அடிக்கடி திருத்த வேண்டியிருக்காது.

இரண்டாவது, ஸ்டியரிங்கின் உணர்வு. டயர் வளைவில் வேலை செய்யும்போது, தானாகவே நேராகத் திரும்ப முயலும் ஒரு முறுக்கு அதில் பிறக்கிறது. நம் கையில் கனமாகத் தெரிவது இதுதான். இதில் ஓர் அருமையான செய்தி இருக்கிறது: டயர் பிடிப்பை முற்றாக இழப்பதற்குச் சற்று முன்பே இந்த முறுக்கு குறையத் தொடங்கிவிடும். மழையில் நனைந்த மலைவளைவில் ஸ்டியரிங் திடீரென்று இலேசானால், இன்னும் கொஞ்சம் போனால் வழுக்கும் என்று டயர் முன்கூட்டியே சொல்கிறது என்று பொருள். புன்டோவில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஸ்டியரிங் இருந்தது. அது இந்தச் சேதியை அதிகம் மறைக்காமல் கைக்குக் கொண்டுவந்தது. ஸ்விஃப்ட்டில் மின்மோட்டார் உதவியோடு இயங்கும் ஸ்டியரிங். நகரத்தில் திருப்ப மிக எளிது, எரிபொருளும் மிச்சம். ஆனால் டயரின் மெல்லிய சேதிகளில் சில மோட்டாரைத் தாண்டி வருவதில்லை. புன்டோ சாலையைப் பிடித்துக்கொண்டு போகிறது என்று ஓட்டியவர்கள் சொன்னதில், உண்மையான பிடிப்பைப் போலவே பிடிப்பு கையில் தெரிந்ததற்கும் பங்கு உண்டு.

கையாளுமையைத் தாளில் எழுதிய எண்களால் கண்டுபிடிக்க முடியாது என்பதற்கு வரலாற்றுச் சான்று இருக்கிறது. 1997இல் சுவீடன் வாகனப் பத்திரிகை ஒன்று புதிய மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் காரைச் சோதித்தது. சாலையில் திடீரென்று குறுக்கே வரும் மானைத் தவிர்ப்பதுபோல் சட்டென்று இடமும் வலமும் திருப்பும் சோதனை அது. சுமார் 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் கவிழ்ந்தது. அந்த நிறுவனம் சஸ்பென்ஷனை மாற்றி, நிலைப்புத்தன்மைக் கட்டுப்பாட்டுக் கருவியை எல்லா ஏ-கிளாஸ் கார்களிலும் கட்டாயமாகப் பொருத்தியது. காகிதத்தில் குறை இல்லாத கார் சாலையில்தான் தன் குறையைக் காட்டியது.

பழைய கார் வாங்குகிறவர் ஒன்றை மறக்கக் கூடாது. ஸ்விஃப்ட்டுக்கும் புன்டோவுக்கும் உள்ள வேறுபாட்டைவிட, நல்ல டயருக்கும் காய்ந்த டயருக்கும் உள்ள வேறுபாடு பெரிது. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். அதைப் படிக்காமல் காரின் கையாளுமையைப் பற்றி முடிவு கட்ட வேண்டாம்.

நம்பகம்: பத்துப் பேரைக் கேட்டால் போதுமா?

மூன்றாவது குணத்தை ஓட்டிப் பார்த்து அறிய வழியில்லை. அடுத்த ஆண்டு பழுதாகப்போகிற கார் இன்றைக்கு நன்றாகத்தான் ஓடும். அதனால் நாம் தெரிந்தவர்களைக் கேட்கிறோம். பத்துப் பேரும் பிரச்சினையே இல்லை என்றால் நம்பிவிடுகிறோம்.

இதைக் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஒரு காரில் நூற்றுக்கு ஐந்து வண்டிகள் பெரிய பழுதைச் சந்திக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காரை வைத்திருக்கும் பத்துப் பேரைக் கேட்டால், பத்துப் பேரும் நல்லபடியாகச் சொல்ல 100இல் 60 வாய்ப்பு இருக்கிறது. இரு மடங்கு மோசமான இன்னொரு காரை எடுத்துக்கொண்டாலும், பத்துப் பேரும் புகழ 100இல் 35 வாய்ப்பு இருக்கிறது. பத்துப் பேரின் பாராட்டு இந்த இரண்டு கார்களையும் பிரித்துக் காட்டாது. பத்து வண்டியில் ஒரு பழுதும் காணாவிட்டால்கூட, உண்மையான பழுது விகிதம் நூற்றுக்கு 25 வரை இருக்கலாம் என்பதை மறுக்கப் புள்ளியியலுக்குச் சான்று போதாது.

ஆகவே ஜெர்மனி போன்ற நாடுகளில் பெருந்தொகையில் எண்ணுகிறார்கள். கட்டாயப் பரிசோதனைக்கு வரும் இலட்சக்கணக்கான கார்களில், எந்த வயதில் எந்த மாடலுக்கு என்ன குறை என்று டியூஃப் அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடுகிறது. வழியில் நின்றுபோன கார்களின் கணக்கை அடாக் என்ற வாகன ஓட்டுநர் சங்கம் வெளியிடுகிறது. அந்தப் பட்டியல்களையும் கவனமாகப் படிக்க வேண்டும். நீண்ட தூரம் ஓடுகிறவர்கள் விரும்பி வாங்கும் கார் அதிகம் தேய்ந்திருக்கும். அது காரின் குற்றமல்ல, ஓட்டத்தின் அளவு.

ஒரே எஞ்சின் பல கார்களில் இருந்தது இந்த இடத்தில் பெரிய உதவி. ஸ்விஃப்ட்டிலும் புன்டோவிலும் இண்டிகா விஸ்டாவிலும் ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் அது எஞ்சினின் குணம். ஒன்றில் மட்டும் வந்தால், அந்தக் காரின் மின்கம்பி, சஸ்பென்ஷன், சர்வீஸ் பழக்கம் இவற்றில் தேட வேண்டும். இந்த எஞ்சினில் கேம் அச்சைச் சுழற்றுவது பெல்ட் இல்லை, சங்கிலி. குறிப்பிட்ட கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்ற கவலை இல்லை. ஆனால் அந்தச் சங்கிலியை இறுக்கிப் பிடிப்பதும் வழுக்கச் செய்வதும் எஞ்சின் ஆயில்தான். ஆயிலை நேரத்துக்கு மாற்றாத வண்டிகளில் சங்கிலி தேய்ந்து தளர்ந்தது பல நாடுகளிலும் காணப்பட்ட கதை. எஞ்சின் ஒன்று, ஆனால் அதைப் பராமரித்த கைகள் வேறு. அதனால் இரண்டு கார்கள் எடுத்த பெயரும் வேறுவேறாகிவிட்டது. நாடெங்கும் சர்வீஸ் நிலையமும் உதிரிப்பாகமும் கிடைத்த காருக்கு நல்ல பெயர் எளிதில் வந்தது.

பினாங்கின் டீசல், பினாங்கின் பாதை

நம்பகத்தின் மறுபாதி எரிபொருளில் இருக்கிறது. பொதுக்குழாயில் டீசல் ஆயிரம் மடங்கு வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலே போகும். இன்ஜெக்டரின் துளை ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. தூசியோ தண்ணீரோ அங்கே வரை போனால் சேதம் உறுதி. உயர் அழுத்தப் பம்பின் உலோகப் பரப்புகளுக்கு வேறு மசகு இல்லை, ஓடும் டீசலே மசகு.

மலேசியாவில் 2021 ஏப்ரல் 1 முதல் யூரோ 5 தர டீசல் கட்டாயமானது. அதில் கந்தகம் பத்து இலட்சத்தில் பத்துப் பங்குதான். பழைய யூரோ 2எம் டீசலில் 500 பங்கு வரை இருந்தது. கந்தகத்தை நீக்கும் முறை டீசலின் இயல்பான வழுவழுப்பையும் குறைத்துவிடுகிறது. நம் டீசலில் கலக்கும் செம்பனை எண்ணெய் பயோடீசல் அந்த வழுவழுப்பைத் திருப்பிக் கொடுக்கிறது. ஆனால் பயோடீசலுக்குக் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு. கடலால் சூழ்ந்த, ஆண்டு முழுவதும் ஈரக்காற்று வீசும் ஊரில், டீசல் ஃபில்ட்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை வடித்துவிடுவது முக்கியமான வேலை. ஃபில்ட்டரை நேரத்துக்கு மாற்றச் சொல்லும் போர்மேன் காசுக்காகச் சொல்லவில்லை.

அடுத்தது கரி. இந்தியாவில் விற்ற இந்த இரண்டு கார்களிலும் கரித்துகள் வடிகட்டி இல்லை. பழைய விதிகள் அதைக் கேட்கவில்லை. இன்றைய டீசல் கார்களில் அது கட்டாயம்போல வந்துவிட்டது. புகைக்குழாயில் தேன்கூட்டு அறைகளாக இருக்கும் அந்த வடிகட்டி கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும், புகையின் வெப்பத்தைச் சுமார் 600 பாகைக்கு ஏற்றிக் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்யும். இதற்கு ஏறத்தாழ 10 முதல் 20 நிமிடம் சீரான வேகத்தில் ஓட வேண்டும்.

ஜெலுத்தோங்கில் வீடு, ஜார்ஜ்டவுனில் வேலை, நடுவே நெரிசல் என்று இருக்கிறவரின் டீசல் கார் அந்த எரிப்பைத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டே இருக்கும். வெப்பத்தை ஏற்ற எஞ்சின் கூடுதலாகப் பீய்ச்சிய டீசலில் ஒரு பங்கு எரியாமல் சிலிண்டர் சுவர் வழியே ஆயில் தொட்டியில் இறங்கும். அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குளிர்ந்த எஞ்சினில் ஆயில் அளவுகோலை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் குறைந்திருந்தால் இயல்பு. கூடியிருந்தால், மேல்கோட்டைத் தாண்டி நின்றால், விரலில் தொட்டு மோந்தால் டீசல் வாடை வந்தால், அந்தக் கார் குறுந்தூர ஓட்டத்தில் நொந்துபோயிருக்கிறது. நீர்த்துப்போன ஆயில் சங்கிலிக்கும் டர்போவின் தாங்கிகளுக்கும் நல்லதில்லை.

பத்து கவானில் வீடும் பாயான் லெப்பாஸில் வேலையும் இருப்பவரின் கதை வேறு. இரண்டாம் பாலம் 24 கிலோமீட்டர். 80 கிலோமீட்டர் வேகவரம்பில் போனாலும் 18 நிமிடம் சீரான ஓட்டம். வடிகட்டிக்கு வேண்டியது அதுதான். ஒரே கார், ஒரே ஊர். ஆனால் ஒருவருக்கு அது நோஞ்சான், மற்றவருக்கு நம்பிக்கையான துணை.

எப்படித் தேர்வது?

முதலில் பாதையைப் பாருங்கள். அன்றாடம் கால் மணி நேரமாவது தடையில்லாத ஓட்டம் இல்லாவிட்டால், இரண்டு டீசல்களுக்கு இடையே தேர்வு செய்வதை விட்டுவிட்டு பெட்ரோலுக்குப் போவதே அறிவு. 2024 ஜூன் 10இல் தீபகற்ப மலேசியாவில் டீசல் மானியம் சீரமைக்கப்பட்டு, விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஏறியது. மலிவு என்ற காரணத்துக்காக மட்டும் டீசலை நாடும் காலம் அன்றைக்கே போய்விட்டது.

பாதை டீசலுக்கு ஒத்துவந்தால், அடுத்து வரலாற்றைப் பாருங்கள். எஞ்சினின் பெயரைக் கேட்டு, அது வேறு எந்தக் கார்களில் ஓடியது, அவற்றில் எதெல்லாம் பழுதானது என்று தேடுங்கள். உங்கள் வட்டாரத்தில் அந்தக் காருக்கு உதிரிப்பாகம் கொடுக்கும் கடையும் அந்த எஞ்சினில் கைவைத்த போர்மேனும் இருக்கிறார்களா என்று பாருங்கள். இரவு முழுவதும் நின்ற காரைக் காலையில் உங்கள் முன்னால் முதல்முறையாக ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சங்கிலி கலகலத்தால் அது ஆயில் மாற்றாத காலத்தின் கணக்கு.

ஓட்டிப் பார்ப்பது கடைசியில்தான் வர வேண்டும். நாம் பெரும்பாலும் அதை முதலில் செய்து, பிடித்துப்போய், பிறகு மற்றதைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம். தெரு, சந்து, மலைவளைவு என்று ஓடுகிறவருக்கு ஸ்விஃப்ட் போன்ற குட்டையான, இலேசான கார் பொருந்தும். பாலமும் நெடுஞ்சாலையுமாக ஓடுகிறவருக்குப் புன்டோ போல நீண்ட, கனமான, ஸ்டியரிங் பேசும் கார் பொருந்தும். எஞ்சின் ஒன்றாக இருந்தும் இந்த இரண்டு கார்களும் வெவ்வேறு ஆட்களுக்கு உரியவையாக இருந்தன. எந்தக் கார் சிறந்தது என்று ஊரைக் கேட்பதற்கு முன்னால், ஒரு வாரம் எங்கெல்லாம் எவ்வளவு நேரம் ஓட்டுகிறோம் என்று எழுதிப் பாருங்கள். சரியான கார் எது என்பதில் பாதி விடை அந்தத் தாளிலேயே கிடைத்துவிடும்.